அவசரத்துக்கு வைத்த பணம்

சம்பளம் வந்த அன்றே பிரித்து வைத்துவிட வேண்டும், மேடம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது எப்படிப் போனது என்றே தெரியாமல் போய்விடும். உங்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், அதனால் சொல்கிறேன். நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்கிறவர் நிதானமாக எழுதட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு முறை படித்துப் பார்ப்பேன். ஆபீசில் அப்படிப் பழகிவிட்டது.

ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டணம் வாங்கும் கவுண்டரில் உட்காருகிறேன். முன்னால் மங்கலான கண்ணாடி, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் அரைவட்ட ஓட்டை. எனக்கு முகங்கள் தெரியாது, கைகள் தெரியும். போன பருவம் மோதிரத்தோடு வந்த விரல் இந்தப் பருவம் வெளுத்த வளையத்தோடு வரும். வளையல் போட்டிருந்த கை வெறும் கையாக வரும். ஒரு குடும்பம் எந்த இடத்தில் சறுக்க ஆரம்பிக்கிறது என்பதை நான் அந்த ஓட்டை வழியாக இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் பள்ளிக்கூடத்து லிஃப்டில் ஒரு நாள் நான் மாட்டிக்கொண்டேன். வங்கியில் கட்ட வேண்டிய பணம் மடியில் இருந்தது. கதவுக்கு வெளியே ஓர் ஆண் குரல், "உள்ள யாருங்க?" என்றது.

"கேஷியர்."

"தனியாவா?"

"கையில வசூல் பணம் இருக்கு. சீக்கிரம் திறங்க."

"அப்படியா. ரிப்பேருக்கு சாயங்காலம் வரைக்கும் ஆகும்னு நான் மேல சொல்லிடறேன். நீங்க சத்தம் போடாம இருங்க. பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

பயத்தில் அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். கதவு திறந்ததும் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "வாங்க கஜானா" என்றார். கல்யாணத்துக்குப் பிறகும் எனக்கு அதுதான் பெயர். மாமியார் வீட்டில், கடைத்தெருவில், பிரசவ அறைக்கு வெளியே, எங்கும் கஜானாதான். எங்களுக்குள் அன்பு இல்லை என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். அது பொய்யாகிவிடும்.

வீட்டு வரவு செலவு முழுக்க என் கையில். இரண்டு சம்பளத்தையும் மூன்றாகப் பிரிப்பேன். முதல் பங்கு அவசரத்துக்கு. அது தனிக் கணக்கு, என் பெயரில். இரண்டாவது, பாப்பாவின் பெயரில் நீண்ட கால முதலீடு. அவளுக்கு முப்பது வயதாகும்போது கைக்கு வரும். மூன்றாவது, வீட்டுக் கடனின் மாதத் தவணை. அதன் பிறகு மிச்சம் இருப்பதில்தான் அரிசி, பருப்பு, பஸ், மருந்து எல்லாம்.

கடனுக்குத்தானே முதல் பங்கு போக வேண்டும் என்று கேட்பீர்கள். அவரும் கேட்டார். வங்கி கடிதம் போடும், போன் பண்ணும், ஆள் அனுப்பும், கெடு கொடுக்கும். ஆபத்து அப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு வராது. அதனால் அதற்குத்தான் முதல் இடம். பாப்பாவின் முதலீட்டை ஒரு மாதம் நிறுத்தினால் அந்த ஒரு மாதத்தோடு முடியாது. அது குட்டி போட வேண்டிய அத்தனை வருடமும் சேர்ந்து போகும். கடன் அப்படியில்லை. வட்டியோடு பொறுத்துக்கொள்ளும். இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

என் அப்பா சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். அவரிடமும் ஒரு சேமிப்பு இருந்தது. கடை வாடகை பாக்கி என்று அதிலிருந்து எடுத்தார். மாமா கேட்டார் என்று எடுத்தார். கூரை ஒழுகியது என்று எடுத்தார். எல்லாம் நியாயமான காரணம்தான். பிறகு என் தம்பிக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். போன வாரம்தான் வாடகைக்குக் கொடுத்தோம் என்று அப்பா அந்தக் கவுண்டரில் சொல்லிக்கொண்டே நின்றார். அங்கேயும் ஓர் அரைவட்ட ஓட்டை இருந்தது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அதற்கு நேராக நின்றேன். தம்பி இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. சின்னதற்கு எடுத்துவிட்டால் பெரியதற்கு இருக்காது. எது வந்தாலும், இதைவிடப் பெரியது ஒன்று பின்னால் வரும்.

என் வீட்டுக்காரருடைய கம்பெனியைப் போன வருடம் வேறொருவர் வாங்கினார். பழைய ஆட்களைக் கழித்துவிட்டார்கள். இருபது வருடம் வேலை செய்தவரை ஒரு தட்டு பழத்தோடு அனுப்பிவைத்தார்கள். பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "கஜானா, இது எந்தப் பங்குல சேரும்?" என்று கேட்டார். சிரித்தேன். அன்றிரவு அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் பதறவில்லை. ஒரு சம்பளம்தான் என்று ஆனபோதும் மூன்றாகவே பிரித்தேன். முதல் பங்கும் இரண்டாவது பங்கும் குறையாமல் போயின. மூன்றாவதில் பாதிதான் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. செலவைக் குறைத்தேன். பால் பாதியானது. பாப்பா கல்லூரிக்கு இரண்டு நிறுத்தம் நடந்தாள். அவருடைய கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. மற்ற கண்ணில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். சொந்தமாகப் பழைய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கப் போக ஆரம்பித்தார். வேலை இருக்கும், காசு சரியாக வராது.

தவணை நின்ற இரண்டாவது மாதம் வங்கியிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. உள்ளே வரச் சொன்னால் வரமாட்டான். மாடிப்படியில் நின்றுகொண்டு, எதிர்வீடும் மேல்வீடும் கேட்கும்படி, "சார், உங்க பாக்கி விஷயமா வந்தேன்" என்பான். அவர் லுங்கியோடு வெளியே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவன் போன பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். தண்ணீர்ச் செலவைப் பற்றி அந்த நாட்களில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது மாதம் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர் அதைக் கிழிக்கவில்லை. சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"கஜானா, அந்த அவசரக் கணக்குல இருந்து எடுத்துக் கட்டிடலாம்மா."

"அது அவசரத்துக்குங்க."

"வீட்டை ஏலம் போடறேங்கறான். இதைவிட அவசரம் என்ன வேணும் உனக்கு? வெள்ளம் வரணுமா?"

"வந்தா என்ன பண்ணுவோம்? இதை எடுத்துட்டா?"

அவர் என்னையே பார்த்தார். "சரி, பாப்பா பேர்ல இருக்கிறதை ஒரு வருஷம் நிறுத்தி வைப்போம்."

"அவ வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?"

"அவ வயித்துக்குத்தானே பால் பாதியாச்சு."

பாப்பா கதவோரம் நின்றிருந்தாள். "அம்மா, அப்பாவுக்கு வேலை போனதே எமர்ஜென்சிதானே? அதுக்குத்தானே எல்லாரும் சேர்த்து வைக்கிறாங்க?"

"உடம்பு நல்லா இருக்குல்ல அப்பாவுக்கு? அப்புறம் என்ன எமர்ஜென்சி?" என்றேன்.

"எவ்வளவு இருக்கு அதுல? அதையாவது சொல்லு" என்று அவர் கேட்டார். கொஞ்சம் இருக்கிறது என்றேன். தொகையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. இரக்க சுபாவம். யார் கண்ணைக் கசக்கினாலும் கை பைக்குள் போய்விடும். அவரிடமிருந்து அதைக் காப்பாற்றுவதும் என் பொறுப்பாக இருந்தது.

அன்றைக்குத்தான் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்று சொன்னார். "பேசாம நான் போய்ச் சேர்ந்துட்டா எல்லாம் நேராகிடும். வீடாவது உங்களுக்கு மிஞ்சும்."

அதை நான் இட்டுக்கட்டவில்லை, மேடம். பாப்பாவைக் கேளுங்கள். கடன் வாங்கும்போது வங்கியில் ஒரு காப்பீட்டையும் சேர்த்துத் தலையில் கட்டியிருந்தார்கள். கடன் அவர் பெயரில். அவர் இறந்துபோனால் மிச்சக் கடன் முழுவதையும் காப்பீடு கட்டிவிடும், வீடு எங்களுக்கு வந்துவிடும். கையெழுத்துப் போட்ட அன்று, "நான் உயிரோட இருந்தா வீடு கடன்ல, செத்தா ரொக்கத்துல. நல்ல வியாபாரம்" என்று வங்கிக்காரரையே சிரிக்க வைத்தவர். அந்தக் காப்பீட்டுக்கு வருடா வருடம் பணம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கட்டியதிலேயே பயன்படாமல் கிடந்தது அது ஒன்றுதான்.

வங்கிக்குப் போன் செய்து கேட்டேன். விவரம் தெரிந்து வைத்துக்கொள்ளத்தான். வேலை செய்யும் இடத்தில் விபத்து என்றாலும் செல்லும் என்றார்கள். ஆனால் ஆறாவது தவணையும் தவறினால் காப்பீடு காலாவதியாகிவிடும் என்றும் சொன்னார்கள். அப்போது ஐந்து தவறியிருந்தது. எத்தனை வருடம் கட்டிய பணம். மாதக் கடைசியில் அப்படியே புகையாகப் போகப்போகிறது. கவுண்டரில் ஒரு தகப்பனாருக்கு இரண்டு முறை மீதிச் சில்லறை கொடுத்துவிட்டேன். அதுவரை எனக்கு அப்படி நடந்ததில்லை.

ஒரு தவணையை மட்டும் அவசரக் கணக்கிலிருந்து கட்டிக் காப்பீட்டை உயிரோடு வைத்திருக்கலாமே என்றுதானே நினைக்கிறீர்கள். நானும் யோசித்தேன். அப்பாவும் அப்படித்தான் ஆரம்பித்தார், ஒரே ஒரு தடவை என்று.

இதற்கு நடுவில், அவரோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த உதவியாளைப் பாதிக் கூலி மிச்சம் என்று நிறுத்தச் சொல்லியிருந்தேன். லிஃப்ட் வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. ஒருவர் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்வார், இன்னொருவர் மொட்டைமாடி மோட்டார் அறையில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். விடுமுறை நாட்களில் நானே போனேன். அவருக்கு அதில் ஒரே சந்தோஷம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவர் வேலையைப் பார்த்ததே இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவோம். "உதவியாளுக்கு இவ்வளவு நல்ல கத்தரிக்காய் யாரும் போட்டதில்ல" என்பார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவர்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மெயின் சுவிட்சை இறக்கி அதன் கைப்பிடியில் ஒரு சின்னப் பூட்டைப் போடுவார்கள். கூண்டின்மேல் ஏறுகிறவர்தான் அந்தச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போவார். கூடப் பிறந்த தம்பி பக்கத்தில் நின்றாலும் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். முதல் சில வேலைகளில் அவர் அப்படித்தான் செய்தார். பிறகு ஒரு நாள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பைக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டார்.

"உன்னையும் காவலுக்கு வெச்சிட்டு பூட்டும் போட்டா அது உனக்கு அவமரியாதை, கஜானா" என்றார்.

அதன் பிறகு பூட்டுப் போடவேயில்லை. உதவியாளாக இருந்திருந்தால் போட்டிருப்பார்.

அன்றைக்குப் போனது ஐந்து மாடிக் கட்டடம், பழைய லிஃப்ட். கூண்டின்மேல் நிற்கிறவர் ஆபத்து என்றால் தானே லிஃப்டை நிறுத்திக்கொள்ள அங்கே ஒரு பொத்தான் இருக்கும். அது கெட்டுப்போயிருந்தது. அதை மாற்றத்தான் ஏறியிருந்தார். கட்டடத்தின் வாட்ச்மேன் மோட்டார் அறையைத் திறந்துவிட்டு, "அண்ணி, டீ வேணும்னா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுக் கீழே போனார். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

மோட்டார் அறையில் ஒரே வெக்கை. அவர் கீழேயிருந்து ஏதோ முணுமுணுத்தபடி ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு அதைப் பற்றி நினைத்ததில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் அன்று காலை முடிவு எதையும் எடுத்துக்கொண்டு நான் கிளம்பவில்லை. அங்கே நின்று கூட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். கடன் ஒரு பக்கம், பாப்பாவின் முதலீடு ஒரு பக்கம், அவசரக் கணக்கு ஒரு பக்கம். இவற்றில் எதையும் தொடாமல் மூன்றையும் நேராக்க ஒரே வழிதான் இருந்தது. வேலையில்லாத, ஐம்பதைத் தொடுகிற மனிதர். முன்னால் இருக்கிற இருபது வருடத்தில் வரவு எவ்வளவு, மருத்துவச் செலவு எவ்வளவு என்று பார்த்தால் யாருக்கும் அந்த விடைதான் வரும். அவரே அதைத்தான் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார்.

சுவிட்சை மேலே தூக்கினேன். கூண்டில் விளக்கு எரிந்திருக்க வேண்டும். அவர் குரல் வந்தது. கோபமே இல்லை.

"கஜானா, அதைத் தொடாதம்மா. பழைய வயரு, ஷாக் அடிச்சிரும்."

சுவிட்சைத் தூக்கினால் மட்டும் லிஃப்ட் நகராது. யாராவது ஒரு மாடியில் பொத்தானை அமுக்க வேண்டும். அதனால் அறையை விட்டு வெளியே வந்து, படியில் இறங்கி, ஐந்தாவது மாடிக்கு வந்தேன். படி திரும்பும் இடத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள், குழந்தைத் துணி. அதை ஒதுக்கிவிட்டுப் போனேன். திரும்பி மேலே போய்ச் சுவிட்சை இறக்கியிருக்கலாம், நேரம் இருந்தது. அதை மறைக்கவில்லை. பொத்தானை அமுக்கினேன். கூண்டு நான்காவது மாடியில்தான் நின்றுகொண்டிருந்தது. மேலே வந்தது. அவருக்கும் மேல்தளத்துக்கும் இடையில் இருந்த இடம் போதவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார், கஜானா என்று. ஒரு முறைதான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் கொண்டுவரக் கீழே போயிருந்தேன் என்று சொன்னேன். மோட்டார் அறையின் சாவி வாட்ச்மேனிடம் இருந்ததால் அவரைப் பிடித்தீர்கள். லிஃப்ட் எப்போது ஓடும் என்று குடியிருப்பவர்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்தான் பொறுக்காமல் சுவிட்சைப் போட்டிருப்பார் என்று நீங்களே முடிவுக்கு வந்தீர்கள். நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. அவர் இல்லை என்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவி பள்ளிக்கூடத்துக் கவுண்டருக்கே வந்துவிட்டாள். ஓட்டை வழியாகக் கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. அவரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு" என்றாள். அவள் கையில் ஒன்றும் இல்லை. கண்ணாடி வளையல்கூட.

காப்பீட்டுக்காரர்கள் வந்து விசாரித்து, வங்கிக்குப் பணத்தைக் கொடுத்து, வங்கி எழுதி அனுப்பி, வீட்டுப் பத்திரம் என் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. அதுவரை வாட்ச்மேன் உள்ளே இருக்கும்படி ஆகிவிட்டது. அதற்காக உண்மையாகவே வருந்துகிறேன். நேற்று மதியம் பத்திரம் வந்தது. பாப்பாவின் பெயருக்கு மாற்ற மனு கொடுத்தேன். அவசரக் கணக்கையும் அவள் எடுக்கும்படி எழுதிக்கொடுத்தேன். இன்று காலை அவளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்துவிட்டு இங்கே வந்தேன். யாரும் என்னைக் கூட்டிவரவில்லை. நான்தான் செய்தேன், வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. ஒரு குற்றமும் செய்யாதவரை உள்ளே வைத்திருப்பது சரியில்லை.

என்ன, மேடம்?

புரியவில்லை. இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் காப்பீடு செல்லாது என்கிறீர்கள். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். வங்கி கடனை மறுபடி எங்கள் தலையில் ஏற்றும், பழைய பாக்கியோடு சேர்த்து. அப்படி இருக்கும் என்று போனில் அவர்கள் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா.

சரி. போடுகிறேன். வாட்ச்மேனை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பாப்பாவிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள், அவள் இப்போது என்னோடு பேச மாட்டாள். கடன் திரும்ப வந்துவிட்டது என்று அவள் பயப்பட வேண்டாம், வீடு எங்கேயும் போகாது. அந்த அவசரக் கணக்கில் நிறையவே இருக்கிறது. பாக்கி அத்தனையும் கட்டிய பிறகும் பதினான்கு மாதத் தவணைக்குத் தாங்கும், அதற்குள் அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். யோசிக்காமல் எடுத்துக் கட்டச் சொல்லுங்கள், இந்த மாதிரி நேரத்துக்காகத்தானே சேர்த்து வைத்தேன்.